செத்த வீட்டில் சாப்பிட்ட சோறு

எனக்குச் சாப்பாட்டு விஷயத்தில் வெட்கம் கிடையாது. மொன்ரியலின் கோட்-டெ-நெய்ஜில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மத்தியானம் மைக்ரோவேவில் என் மீன்குழம்பு சூடாகும்போது மணம் பிடிக்காத சிலர் எழும்பிப் போய் ஜன்னலைத் திறப்பார்கள். உறைபனிக் காலத்திலும் திறப்பார்கள். வந்த புதிதில் நான் கூனிக் குறுகிப்போய்க் கொஞ்சக் காலம் பாணும் வாழைப்பழமும் கொண்டுபோனேன். பிறகு யோசித்தேன், விறைக்கப்போவது அவர்களும்தானே. திரும்பவும் மீன்குழம்பையே கொண்டுபோகத் தொடங்கினேன்.

ஜன்னலைத் திறக்கவைத்த இன்னொருத்தியும் அங்கே இருந்தாள். ஹெய்ட்டி நாட்டுக்காரி, என் வயதுதான் இருக்கும். அவள் கொண்டுவரும் உப்புமீன் பிரட்டலுக்கு முன்னால் என் குழம்பு வெறும் ரசம். சாப்பாட்டறையின் கடைசி மேசை எங்கள் இரண்டு பேருக்கும் என்று ஆகிப்போனது. நான் அவளுடைய பெட்டிக்குள் கரண்டியை விடுவேன், அவள் என்னுடையதற்குள் விடுவாள். கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை.

எங்கள் வேலையும் அப்படிப்பட்டதுதான். படுக்கையில் கிடக்கும் முதியவர்களைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்தி, சாப்பாடு தீத்துவது. கனமான ஆட்களைத் தனியே தூக்கக் கூடாது. விரிப்பின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று, ஒன்று இரண்டு மூன்று எண்ணி ஒரே நேரத்தில் தூக்கவேண்டும். ஒருத்தி பிந்தினால் மற்றவளின் முதுகு போய்விடும். அவளும் நானும் எண்ணுவதே இல்லை. கண்ணைப் பார்த்தால் போதும், ஆள் கதிரையில் இருப்பார்.

நாங்கள் கதைப்பது பிரெஞ்சில். அவளுடையது சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு. என்னுடையது அரசாங்க வகுப்பில் பிடித்து, டெப்பனர் என்கிற மூலைக் கடைகளிலும் பஸ்ஸிலும் தேய்த்து எடுத்த பிரெஞ்சு. அவள் சொன்னதையெல்லாம் இங்கே எங்கள் ஊர்ப் பேச்சாகவே எழுதுகிறேன். என் காதில் அவள் அப்படித்தான் கதைத்தாள்.

மொன்ரியலுக்கு வர முன்னர் அவள் பல வருசம் ஃபுளோரிடாவில் இருந்தவள். அங்கே ஒரு பெரிய வீட்டில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டியைப் பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டுப் புல்தரையில் ஒரு பலகை நட்டிருந்ததாம். இங்கே எல்லோருக்கும் வரவேற்பு, வெறுப்புக்கு மட்டும் இடமில்லை என்று எழுதிய பலகை. எல்லையில் தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து அந்த மூதாட்டி விம்மி விம்மி அழுவாராம். ஆனால் என் தோழிக்கென்று ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு முள்ளுக்கரண்டி தனியே இருந்தன. குசினித் தொட்டிக்குக் கீழே, சவர்க்காரப் போத்தல்களுக்குப் பக்கத்தில்.

பக்கத்து வீட்டுக்காரர் மற்றக் கட்சி. வீட்டு வாசலில் அந்தக் கட்சித் தலைவரின் பெயர் போட்ட கொடி கட்டியிருந்தவர். அவளுடைய கார் பழுதாகி நடுவழியில் நின்ற நாளில் அவர்தான் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். வழியில் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி, ஒரே மேசையில் இருந்து, தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்குப் பொரியலை அவளுக்கும் தள்ளிவிட்டாராம். அப்படியானவர்கள் போட்ட வாக்குத்தான் பிறகு அவளை அந்த நாட்டிலிருந்து கிளப்பியது.

"ஒருத்தி என்னை நாட்டில இருக்கலாம் எண்டவ, ஆனா தன்ரை தட்டில சாப்பிட விடமாட்டா. மற்றவர் தன்ரை தட்டிலயே தந்தவர், ஆனா நாட்டில இருக்கக் கூடாது எண்டவர். இதுக்குள்ள நான் ஆரோட கோவிக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவள் மேசையில் தட்டிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். தொட்டிக்குக் கீழே இருந்த அந்தத் தட்டு வரும் இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு முழுதாக வராது. ஏன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அவளும் அவளுடைய தாயும் ஒரு சூட்கேசோடு கனடா எல்லையை நடந்து கடந்து வந்தவர்கள். இந்தப் பக்கம் நின்ற பொலிஸ்காரி, "இந்தக் கோட்டைத் தாண்டினால் கைது செய்வேன்" என்று சொல்லிக்கொண்டே தாயின் பைக்குக் கை நீட்டினாளாம். தம்பி வரவில்லை. அவனுக்கு அங்கே தற்காலிக அனுமதி இருந்தது, கூரை வேலை இருந்தது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது அந்த அனுமதி எப்போது பறிபோகும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவன் வெளியே காலெடுத்து வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

போன வசந்தத்தில், பனி உருகி நடைபாதையெல்லாம் சேறாகக் கிடந்த நாட்களில், தாய் இறந்துபோனார்.

நானும் கணவரும் வீட்டுக்குப் போனோம். இரண்டு மெட்ரோ நிலையம் தள்ளி, மூன்றாம் மாடியில் சின்ன வீடு. உள்ளே நிற்க இடமில்லை. ஒரு மூலையில் பாட்டு, ஒரு மூலையில் டொமினோ, எங்கே பார்த்தாலும் கோப்பி மணம். தாயின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசியைப் பூச்சாடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குள் தம்பி இருந்தான். வேலை உடுப்போடு, தன் வண்டிக்குள் இருந்தபடி, சொந்தத் தாயின் செத்த வீட்டை உள்ளங்கையளவு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களுக்கு அது புதிதில்லை. சண்டைக் காலத்தில் ஊர்ச் சாவுகளை நாங்கள் வீடியோவில்தானே பார்த்து அழுதோம்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு நேரே குசினிக்குப் போய், ஒரு தட்டோடு வந்தாள். கறுப்புக் காளான் தண்ணீரில் அவித்த சோறு, பொரித்த இறைச்சி, வாழைக்காய்ப் பொரியல், காரமான முட்டைக்கோவா ஊறுகாய். எனக்குப் பிடித்த எல்லாம்.

நான் கையெடுத்துக் கும்பிட்டு, தலையை ஆட்டினேன். வேண்டாம்.

எங்கள் வீடுகளில் செத்த வீட்டுக்குப் போனால் வாய் நனைப்பதில்லை. இப்போது இங்கேயும் ரொறன்ரோவிலும் தேத்தண்ணி கொடுக்கிறார்கள், ஆட்களும் குடிக்கிறார்கள். ஆனால் நான் வளர்ந்தது அப்படியில்லை. போகவேண்டும், பக்கத்தில் இருக்கவேண்டும், ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது. எழும்பும்போது "போட்டு வாறன்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் வெளியேறி, வீட்டுக்குப் போய்த் தலை முழுகவேண்டும். இதெல்லாம் செத்தவருக்குச் செய்யும் மரியாதை. அந்த நேரத்தில் நான் யோசித்துச் செய்யவில்லை. தும்மல் வந்தால் கை மூக்குக்குப் போவதுபோல இரண்டு கையும் தாமாகவே கூடின.

அவள் தட்டை நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குசினிக்குள் கொண்டுபோனாள். எனக்குப் பக்கத்தில் எங்கள் வெள்ளைக்கார மேற்பார்வையாளர் இருந்து, தன் தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் மணத்துக்கு முதலில் எழும்பி ஜன்னல் திறக்கிறவர் அவர்தான். நானும் கணவரும் சற்று நேரம் இருந்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டோம். எங்கள் கணக்கில் எல்லாம் முறைப்படி நடந்திருந்தது.

அடக்கம் முடிந்து அவள் வேலைக்கு வந்தபோது என்னோடு மிகவும் மரியாதையாக இருந்தாள். கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன், எனக்கும் கோபம் வரும், இரண்டும் முட்டி உடைந்திருக்கும். இது மரியாதை. "பொன்ஜூர்" சொன்னாள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னை முதலில் போகவிட்டாள். மத்தியானம் தன் பெட்டியோடு வேறு மேசையில் போய் இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய பெட்டியைக் கண்ணால் காட்டி, "என்ன, இண்டைக்கு வாசம் குறையுது" என்று பகிடி விட்டேன். அவள் மெல்லச் சிரித்து, பெட்டியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

பின்னேரம் ஒரு ஐயாவைக் கட்டிலிலிருந்து தூக்கவேண்டியிருந்தது. விரிப்பைப் பிடித்துக்கொண்டு அவளுடைய கண்ணைப் பார்த்தேன். அவள் விரிப்பைப் பார்த்தபடி, "அன், டெ, துருவா" என்று பிரெஞ்சில் ஒன்று இரண்டு மூன்று எண்ணினாள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த நகரத்தில் எனக்கு உறவுக்காரர் நிறைய. கலியாணம், சாமத்தியம், கோயில் திருவிழா என்று சேலை உடுத்தி அலுத்துப்போகும் அளவுக்கு இருக்கிறார்கள். ஆனால் மனம் விட்டு மூச்சு விடுகிற இடம் அந்தக் கடைசி மேசை ஒன்றுதான். அது போகப்போகிறது என்று தெரிந்தது.

உடுப்பு மாற்றும் அறையில் அவளை மறித்தேன். "நான் உம்மட வீட்டில சாப்பிடாதது எங்கட வழக்கம். செத்த வீட்டில நாங்கள் ஒண்டும் வாயில வைக்கிறேல்லை. வேற ஒண்டுமில்லை," என்றேன்.

"ஓம், விளங்குது," என்றாள் அவள். சப்பாத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "எல்லாருக்கும் ஒவ்வொரு வழக்கம் இருக்குத்தானே. அந்த ஃபுளோரிடா அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவ. அது சுகாதாரத்துக்காம். வேற ஒண்டுமில்லையாம்."

அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவள் களைத்துப்போயிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது அந்த முகத்தை நான் எங்கேயோ கண்டிருக்கிறேன் என்று தோன்றியது. பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது எங்கே என்று தெரிந்துவிட்டது. அது என் அம்மாவின் முகம்.

இதைச் சொல்ல எனக்குப் பிரெஞ்சில் சொல் தெரியாது. தமிழில் சொல் இருக்கிறது, அதை நான் வாயால் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் இன்னாருடைய ஆட்கள் என்று தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அவ்வளவுதான். நான் ஒரு சோதனையில் நன்றாகச் செய்திருந்தேன் என்று சொல்லப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், என்னை முன் வாங்கில் இருத்திப் படிப்பித்தவர். அம்மா ஓடிப்போய், ஒருவரும் பாவிக்காத புதுக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்தார். "இண்டைக்கு எனக்கு விரதம் பிள்ளை," என்றார் வாத்தியார். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அன்றைக்கு அவர்களுக்கு விரதம். அல்லது இப்போதுதான் குடித்துவிட்டு வந்திருப்பார்கள், அல்லது வயிறு சரியில்லை. ஒருவரும் எங்களை இகழ்ந்து ஒரு சொல் சொன்னதில்லை. எல்லோருக்கும் நல்ல நல்ல காரணங்கள் இருந்தன.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் கொட்டினேன். அவர் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர், முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"செத்த வீட்டில சாப்பிடக் கூடாது, தீட்டு எண்டு எங்களுக்கு ஆர் பழக்கினது?" என்று கேட்டேன். "எங்களையே தீட்டு எண்டு வெளியில விட்ட ஆக்கள்தானே. அவையளிட்டைப் படிச்சதை நான் கொண்டுபோய் அவளுக்கு முன்னால வைச்சிட்டு வந்திருக்கிறன்."

அவர் எண்ணெய்ப் போத்தலை மூடினார். "அவள் கேட்டவளோ, உம்மை ஆர் பழக்கினதெண்டு? அவள் சோத்தைத்தானே நீட்டினவள். போய்ச் சாப்பிட்டிட்டு வாரும்."

"இனி என்னெண்டு போறது? முடிஞ்சுதே."

"முடியேல்லை. அவையளுக்கும் எங்கட முப்பத்தொண்டாம் நாள் சாப்பாடு மாதிரி ஏதும் இருக்கும்தானே."

இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது நாள் ஜெபம், கடைசி நாள் எல்லோருக்கும் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை பகல். இதை மேற்பார்வையாளர்தான் சொன்னார். அவருக்கு அழைப்பு வந்திருந்தது, எனக்கு வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஊர் எனக்குக் கைகொடுத்தது. செத்த வீட்டுக்கு எங்களில் ஒருவரும் அழைப்புப் பார்த்துப் போவதில்லை.

ஞாயிறு காலை வடை சுட உளுந்து ஊறப்போட்டிருந்தேன். கணவர் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "நீர் குடுக்கப் போகேல்லை. சாப்பிடப் போறீர்," என்றார். சரிதான். வெறுங்கையோடு போனேன். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மாடிப்படி ஏறும்போது கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

கதவைத் திறந்தவள் என்னைக் கண்டு திகைத்தாள். "வாரும்," என்று கதிரையைக் காட்டினாள். ஜெபம் முடிந்திருந்தது. தொலைபேசி அதே பூச்சாடியில் சாய்ந்திருந்தது, தம்பி இன்றைக்குச் சட்டை போட்டுத் தலை வாரியிருந்தான். அவள் குசினிக்கும் கூடத்துக்குமாக நடந்து ஒவ்வொருவருக்கும் தட்டுக் கொடுத்தாள். எனக்கு இடப்பக்கம் இருந்தவருக்குக் கொடுத்தாள். வலப்பக்கம் இருந்தவருக்குக் கொடுத்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது, ஒரு குற்றமும் சொல்லாத முகத்தோடு, ஒரு காகிதக் கைதுடைப்பானை மட்டும் என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். என் வழக்கத்துக்கு அவள் மரியாதை செய்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

பிறர் வீட்டில் சாப்பாடு கேட்டு வாங்குவது எங்களில் இல்லை. தந்தாலும் இரண்டு தரம் மறுத்து, மூன்றாந்தரம்தான் கை நீட்டவேண்டும். நான் எழும்பிக் குசினி வாசலில் போய் நின்றேன்.

"எனக்குப் பசிக்குது," என்றேன்.

அவள் அகப்பையோடு திரும்பினாள். "உங்கட வழக்கம்?"

"அதை வீட்டில விட்டிட்டு வந்திட்டன்."

"எனக்காக ஒண்டும் செய்ய வேண்டாம். சாமிக் குற்றமாகிப் போகும்."

"சாமியோட நான் கதைக்கிறன். நீர் சோத்தைப் போடும்."

அவள் போட்டாள். நான் கூடத்துக்குப் போகவில்லை. குசினியிலேயே, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, கையால் பிசைந்து சாப்பிட்டேன். சோறு மண் வாசத்தோடு, நெய் போட்டதுபோல வழுவழுவென்று இருந்தது. கோவா ஊறுகாய் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. வசதியாகப் போயிற்று என்று அந்தத் தண்ணீரோடு தண்ணீராக என் கதையையும் சொன்னேன். வாத்தியாரை, புதுக் கோப்பையை, விரதத்தை. எங்களை இன்னார் என்று சொல்லும் சொல்லை முதல் முறையாக வாயைத் திறந்து சொன்னேன். அவளுக்கு அந்தச் சொல் விளங்காது என்று தெரிந்தும் தமிழிலேயே சொன்னேன்.

அவள் தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே அடுப்பில் சாய்ந்து நின்றாள். நான் வாயில் வைக்கும் ஒவ்வொரு பிடியையும் பார்த்தாள். கூடத்தில் தம்பி என்னவோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்கட நிறந்தானே அந்த வாத்தியாரும்?" என்று கேட்டாள்.

"ஓம். என்னைவிடக் கறுப்பு."

உலகத்தில் இப்படியும் ஒரு கோணல் இருக்கிறதா என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"அந்தத் தேத்தண்ணியை உம்மட அம்மா என்ன செய்தவ?"

எனக்குத் தெரியவில்லை. வாத்தியாரின் சைக்கிள் ஒழுங்கையால் திரும்பி மறையும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால், அந்தக் கோப்பையோடு அம்மா என்ன செய்தார் என்று அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகும் கேட்டதில்லை. அம்மா போய்ப் பல வருசமாகிவிட்டது.

"ஊத்தியிருப்பா," என்றேன்.

"ஊத்தியிருக்க மாட்டா," என்றாள் அவள். "சீனி போட்டு, பால் விட்டு, ஒராளுக்கெண்டு செய்தது. ஆர் ஊத்துவினம்? நீங்கள் ஒருத்தரும் பாக்காத நேரம், ஆறினாப் பிறகு, தானே குடிச்சிருப்பா." அவள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உம்மட தட்டை அண்டைக்கு நான் வீசேல்லை. எல்லாரும் போனாப் பிறகு, இதிலதான் நிண்டு, நானே சாப்பிட்டன்."

என் கை பாதியில் நின்றுவிட்டது. அம்மாவுக்காக நான் அவ்வளவு அழுதது அவருடைய செத்த வீட்டில்கூட இல்லை.

அவள் தன் தட்டிலிருந்த இறைச்சித் துண்டொன்றை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள்.

"சாப்பிடும்," என்றாள். "ஆறுது."